உலாவிக்குள் ஓர் எழுதுபலகை

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திண்டிவனத்தைத் தாண்டி, விழுப்புரத்தை எட்டுவதற்கு முன் வருகின்ற ஊர் விக்கிரவாண்டி. கும்பகோணத்திற்கும் தஞ்சாவூருக்கும் போகிறவர்கள் இங்கேதான் திருச்சிச் சாலையை விட்டுப் பிரிகிறார்கள். பேருந்தில் போகும்போது ஊர்ப்பலகையில் இந்தப் பெயரைப் பலரும் படித்திருப்பீர்கள்.

மாணவர்களே, இந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி, எழுத்துகளை எண்ணுங்கள். வி, க், கி, ர, வா, ண், டி. ஆக 7 எழுத்துகள். இதே பெயரைக் கணிப்பொறியில் தமிழ்99 விசைப்பலகை முறையில் அடித்தால் 11 விசைகளைத் தட்ட வேண்டும். தட்டியதைக் கணிப்பொறி 13 எண்களாக வைத்துக்கொள்கிறது. அதை இணையத்தின் வழியே அனுப்பும்போது 39 பைட்டுகளாக அனுப்புகிறது.

7, 11, 13, 39. ஒரே பெயருக்கு ஏன் நான்கு கணக்குகள்? இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட்டால், இணையப் பக்கத்தில் தோன்றும் ஒரு வெற்றுப் பெட்டிக்குள் நாம் தமிழில் எழுதி, அது உலகெங்கும் படிக்கப்படும் பக்கமாக மாறும் விதம் முழுவதும் விளங்கிவிடும். திரையில் தெரிவது வேறு, உள்ளே சேமிக்கப்படுவது வேறு. இதுவே நாம் இங்கு அறியப்போகும் அடிப்படைச் செய்தி.

படிக்கும் கருவியா, எழுதும் கருவியா?

இணையப் பக்கங்களைப் படிக்க உதவும் மென்பொருளை உலாவி என்கிறோம். இதைப் படிப்பதற்கான கருவி என்றே பலர் எண்ணுகின்றனர். ஆனால் உலகின் முதல் உலாவி எழுதவும் பயன்பட்டது என்பது வியப்பான செய்தி அல்லவா?

ஜெனீவா நகருக்கு அருகில் செர்ன் என்னும் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பல நாட்டு இயற்பியலார் தங்கள் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ள வழி தேடியபோது, அங்குப் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் வைய விரிவு வலையின் முதல் உலாவியை உருவாக்கினார். அதில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கலாம், அங்கேயே புதிய பக்கத்தை எழுதலாம், இணைப்பும் கொடுக்கலாம். ஆனால் 1993-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற மொசைக் போன்ற உலாவிகள் படிக்கும் வசதியை மட்டுமே எடுத்துக்கொண்டன. எழுத விரும்பியவர் தனி மென்பொருளில் எழுதி, கோப்பாக்கி, வழங்கிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. (பக்கங்களைச் சேமித்து வைத்து, கேட்பவர்க்கு அனுப்பும் கணிப்பொறியே வழங்கி.) எனவே படிப்பவர் பலர், எழுதுபவர் சிலர் என்ற நிலை ஏற்பட்டது.

இந்த நிலையை மாற்றியவர் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்ஹாம். 1995-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் அவர் ஒரு தளத்தைத் தொடங்கினார். அதன் பக்கங்களில் ஒரு திருத்தும் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் அப்பக்கத்தின் உரை ஓர் எழுதுபெட்டிக்குள் வந்து நிற்கும். மாற்றிச் சேமித்தால் பக்கமே மாறிவிடும். தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. இதற்கு அவர் 'விக்கி' என்று பெயரிட்டார். ஹவாய் மொழியில் இச்சொல்லுக்கு 'விரைவு' என்று பொருள். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' என்ற பேருந்தின் பெயரிலிருந்து அவர் இதை எடுத்துக்கொண்டார். விக்கிரவாண்டியின் தொடக்கத்தில் இருக்கும் 'விக்கி'க்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. நினைவில் வைத்துக்கொள்ள எளிது, அவ்வளவே.

இந்த முறையில்தான் 2001-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் விக்கிப்பீடியா என்னும் கட்டற்ற கலைக்களஞ்சியம் ஆங்கிலத்தில் பிறந்தது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அதைத் தொடக்க காலத்தில் வளர்த்தெடுத்தவருள் முதன்மையானவர் இ. மயூரநாதன். இலங்கைத் தமிழரான இவர் வளைகுடா நாட்டில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றியபடியே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, கல்லூரி மாணவர்களுக்காக விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி ஒன்றும் நடத்தப்பட்டது. தமிழ்க் கட்டுரைகளின் எண்ணிக்கை 2017-இல் ஒரு இலட்சத்தை எட்டியது. இத்தனையும் உலாவிக்குள் இருக்கும் ஒரு பெட்டியில் எழுதப்பட்டவை என்பதே நாம் கருதத்தக்கது.

விசையிலிருந்து எழுத்துக்கு

இனி நம் கணக்குக்கு வருவோம். 7 எழுத்துக்கு ஏன் 11 விசைகள்?

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247 எழுத்துகள். இத்தனைக்கும் தனித்தனி விசை வைக்க முடியாது. அந்தக் கால அச்சகங்களில் அச்சுக்கோப்பவர் முன்னால் இருந்த பெட்டிகளில் எத்தனை அறைகள் இருந்தன என்று பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, தமிழ்99 என்ற விசைப்பலகை முறை தரப்படுத்தப்பட்டது. அதில் உயிருக்கும் அகரமேறிய மெய்க்கும் தனித்தனி விசைகள் உண்டு. 'க' அடித்து 'இ' அடித்தால் 'கி' வந்துவிடும். நம் இலக்கணத்தில் க் + இ = கி என்று படிக்கிறோமே, அதுபோன்ற வழிதான்.

இம்முறையில் விக்கிரவாண்டி என்று அடிப்போம்: வ, இ, க, க, இ, ர, வ, ஆ, ண, ட, இ. எண்ணிப் பாருங்கள், 11 விசைகள். புள்ளி வைக்கும் விசையை நாம் தட்டவே இல்லை! ஒரே மெய் இருமுறை அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'ண' வுக்குப் பின் 'ட' வந்தால், 'ண' வுக்குப் புள்ளி தானாக விழும். மெல்லினமும் அதன் இன வல்லினமும் சேர்ந்து வருவது தமிழின் இயல்பு. அந்த இலக்கண இயல்பையே விசைப்பலகைக்குள் வைத்துவிட்டார்கள்.

இந்த மாற்றத்தைச் செய்யும் நிரல் உங்கள் கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ இருக்கலாம். அல்லது இணையப் பக்கத்தின் உள்ளேயே இருக்கலாம். விக்கிப்பீடியாவின் எழுதுபெட்டியில் இரண்டாம் வகை வசதியும் உண்டு. தமிழ் விசைப்பலகை நிறுவப்படாத பள்ளிக் கணிப்பொறியிலும், பெட்டியின் அருகே தோன்றும் பட்டியலில் தமிழ்99 அல்லது எழுத்துப்பெயர்ப்பு முறையைத் தேர்ந்துகொண்டு தமிழில் எழுதலாம். நீங்கள் ஒரு விசையைத் தட்டிய உடனே பக்கத்தில் உள்ள நிரல் அதைப் பிடித்து, முந்திய எழுத்தைத் திரும்பிப் பார்த்து, உரிய தமிழ் எழுத்தாக மாற்றிப் பெட்டியில் இடுகிறது.

எழுத்துக்கு ஓர் எண்

கணிப்பொறி எழுத்தை அறியாது. எண்ணையே அறியும். எனவே உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் கொடுக்க யூனிகோடு என்ற பொது ஏற்பாடு 1991-இல் வெளியிடப்பட்டது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. எல்லா இடங்களும் நிரப்பப்படவில்லை.

இங்கும் 247 எழுத்துகளுக்குத் தனித்தனி எண் இல்லை. அகரமேறிய மெய்க்கு ஓர் எண், கொம்பு, கால், புள்ளி முதலிய குறிகளுக்கு ஒவ்வோர் எண். நம் பெயரைப் பார்ப்போம்.

வி: 2997, 3007
க்: 2965, 3021
கி: 2965, 3007
ர: 2992
வா: 2997, 3006
ண்: 2979, 3021
டி: 2975, 3007

மொத்தம் 13 எண்கள். புள்ளிக்கு 3021 என்ற எண் இருமுறை வந்திருப்பதைக் கவனியுங்கள். நாம் தட்டாத அந்த இரண்டு புள்ளிகள்தான் 11-ஐ 13 ஆக்கின.

இன்னொரு விந்தையும் உண்டு. 'செஞ்சி' என்று எழுதுங்கள். கையால் எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு 'ச'. ஆனால் கணிப்பொறி முதலில் 'ச'வின் எண்ணாகிய 2970-ஐயும், பிறகு கொம்பின் எண்ணாகிய 3014-ஐயும் வைத்துக்கொள்கிறது. ஒலிக்கும் முறையே சேமிக்கும் முறை. திரையில் வரையும்போதுதான் கொம்பை இடப்பக்கம் நகர்த்தி வைக்கும் வேலையை உலாவி செய்கிறது.

இதில் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல வகை எழுத்துருக்கள் வழங்கின. அவற்றுள் பலவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் எண்தான். எழுத்துரு அந்த எண்ணுக்குத் தமிழ் உருவத்தை வரைந்து காட்டியது. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். தேடுபொறியில் 'விக்கிரவாண்டி' என்று தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது. பார்வையற்ற மாணவர்க்கு உரையைப் படித்துக் காட்டும் திரைபடிப்பான் மென்பொருளாலும் அதைப் படிக்க முடியாது. தமிழ் போலத் தோன்றும், ஆனால் உள்ளே தமிழ் இல்லை! அக்காலத்தில் உழைத்து எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களை மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றப்படாதவை தேடுவார்க்குக் கிட்டாமலே போயின. தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது.

எண்ணிலிருந்து பைட்டுக்கு

13 எண்கள் 39 பைட்டுகள் ஆனது எவ்வாறு? ஒரு பைட்டில் 8 பிட்டுகள். எனவே ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை உள்ள எண்களையே எழுத முடியும். 2997 அதில் அடங்காது. கென் தாம்சன், ராப் பைக் என்ற இருவர் 1992-இல் வகுத்த யூடிஎப்-8 என்னும் முறைப்படி, இத்தகைய எண்ணைப் பிரித்துப் பல பைட்டுகளில் வைக்கிறார்கள்.

2997-ஐ இரும எண்ணாக எழுதினால் 101110110101. முன்னால் நான்கு சுழிகளைச் சேர்த்து 16 இலக்கமாக்கி, 0000, 101110, 110101 என மூன்றாக வெட்டுங்கள். முதல் துண்டின் முன் 1110 என்றும், மற்ற இரண்டின் முன் 10 என்றும் சேருங்கள். கிடைப்பவை 11100000, 10101110, 10110101. அதாவது 224, 174, 181. 'வ' என்ற ஓர் எழுத்து கம்பியிலோ ஒளியிழையிலோ வானலையிலோ செல்லும்போது இந்த மூன்று பைட்டுகளாகவே செல்கிறது.

முன்னால் சேர்த்த 1110 என்பது 'நான் மூன்று பைட்டுத் தொகுதியின் தலைவன்' என்று அறிவிக்கிறது. 10 என்பது 'நான் பின்னால் வருபவன்' என்கிறது. எனவே இடையில் ஒரு பைட்டு தொலைந்தாலும் அடுத்த எழுத்து எங்கே தொடங்குகிறது என்பதை வாங்கும் கணிப்பொறி கண்டுகொள்ளும். தமிழ் எண்கள் அனைத்துக்கும் 3 பைட்டுகள் வேண்டும். 13 × 3 = 39. கணக்குச் சரியாயிற்று.

எழுத்தும் ஒப்பனையும்

எழுத்தைச் சேமித்துவிட்டோம். தலைப்பு, தடித்த எழுத்து, இணைப்பு ஆகியவற்றை எப்படிச் சேமிப்பது? இதற்கு எழுதுபெட்டிகளில் இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, உரைக்கு நடுவே குறியீடுகளை இடுவது. விக்கிப்பீடியாவில் இவ்வாறு எழுதுகிறோம்:

== அமைவிடம் ==
'''விக்கிரவாண்டி''' [[விழுப்புரம் மாவட்டம்|விழுப்புரம் மாவட்டத்தில்]] உள்ள ஓர் ஊர் ஆகும்.

இருபுறமும் இரட்டைச் சமக்குறி இட்டால் அது தலைப்பு. மும்மூன்று ஒற்றை மேற்கோள் குறிகள் இட்டால் தடித்த எழுத்து. இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் இணைப்பு. நடுவில் உள்ள நெடுங்கோட்டுக்கு இடப்புறம் இருப்பது போய்ச் சேரவேண்டிய பக்கத்தின் பெயர். வலப்புறம் இருப்பது வாசகர் கண்ணில் படும் சொல். தமிழில் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்று மாறுவதால் இந்தக் கோடு நமக்கு மிகவும் பயன்படுகிறது.

இரண்டாம் வழி, குறியீட்டை மறைத்து, பக்கம் எப்படித் தோன்றுமோ அப்படியே பெட்டிக்குள் காட்டுவது. 2000-இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5 உலாவி இதற்கு வழி திறந்தது. பக்கத்தின் எந்தப் பகுதிக்கும் 'இதை வாசகர் திருத்தலாம்' என்று ஒரு குறிப்புக் கொடுத்தால் போதும், அங்கே இடஞ்சுட்டி துடிக்கத் தொடங்கும். இதன்மேல் 2003-இல் எஃப்சிகே எடிட்டர், 2004-இல் டைனிஎம்சிஇ முதலிய தொகுப்பான்கள் எழுந்தன. விக்கிப்பீடியாவும் 2013 முதல் இத்தகைய தொகுப்பானை வழங்கி வருகிறது.

இரண்டாவது வழி எளிது. ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. ஒரு வரியைத் தலைப்பாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்குகிறார். இன்னொருவர் 'தலைப்பு' என்ற கட்டளையைத் தேர்கிறார். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே இரண்டும் வேறு. முன்னது பெரிய எழுத்து மட்டுமே. பின்னதுதான் தலைப்பு. பொருளடக்கம் தானாக உருவாகும்போது பின்னதே அதில் சேரும். திரைபடிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றவர் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்லும்போதும் பின்னதுதான் அவருக்கு அகப்படும். ஆகவே ஒப்பனையைச் செய்யாதீர்கள், அமைப்பைச் சொல்லுங்கள். ஒப்பனையை உலாவி பார்த்துக்கொள்ளும்.

இருவர் ஒரே நேரத்தில் எழுதினால்?

சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் பெட்டியில் உள்ள உரை பைட்டுகளாகி வழங்கிக்குச் செல்கிறது. வழங்கி அதை அப்படியே நம்பிவிடுவதில்லை. எழுத்தோடு கலந்து வரக்கூடிய தீங்கான கட்டளைகளைச் செயலிழக்கச் செய்த பிறகே ஏற்றுக்கொள்கிறது.

ஒரே பக்கத்தை இருவர் ஒரே வேளையில் திருத்தினால் என்ன ஆகும்? விக்கிப்பீடியாவின் வழி எளியது. நீங்கள் எந்தப் பதிப்பை வைத்துத் திருத்தத் தொடங்கினீர்கள் என்பதை வழங்கி நினைவில் கொண்டுள்ளது. இடையில் வேறொருவர் சேமித்திருந்தால், இருவர் மாற்றமும் வெவ்வேறு இடங்களில் இருக்கும்போது இணைத்துவிடும். ஒரே இடத்தில் மோதினால், முரண்பாடு என்று அறிவித்து உங்களிடமே தீர்ப்பை விட்டுவிடும்.

கூகுள் டாக்ஸ் போன்றவற்றில் இப்படிக் காத்திருக்க முடியாது. அங்கே பலர் ஒரே தாளில் ஒரே நொடியில் எழுதுகிறார்கள். அங்குள்ள சிக்கலை நம் ஊர்ப்பெயரைக் கொண்டே காணலாம். ஒரு மாணவி 'விகிரவாண்டி' என்று பிழையாக எழுதிவிட்டாள். இதில் 11 எண்கள். முருகன் அதைக் கண்டு, 'இரண்டாம் எண்ணுக்குப் பின் க், அதாவது 2 எண்கள் சேர்' என்கிறான். அதே நொடியில் செல்வி, சொல்லின் முடிவில் ஓர் உருபு சேர்க்க எண்ணி, '11-ஆம் எண்ணுக்குப் பின் யில் சேர்' என்கிறாள். முருகனின் கட்டளை முதலில் நிறைவேறினால் சொல்லில் 13 எண்கள் ஆகிவிடும். அதன்பின் செல்வியின் கட்டளையை எழுத்து மாறாமல் நிறைவேற்றினால் வருவது 'விக்கிரவாண்யில்டி'! சிரிப்புக்கு இடமாகிவிடும்.

தீர்வு என்ன? செல்வியின் கட்டளையைத் திருத்த வேண்டும். அவளுக்கு முன்புறத்தில் 2 எண்கள் புதிதாக நுழைந்துள்ளன. எனவே 11 + 2 = 13. '13-ஆம் எண்ணுக்குப் பின் சேர்' என்று மாற்றினால் 'விக்கிரவாண்டியில்' என்று சரியாக வரும். பேருந்தில் நமக்கு முன்வரிசையில் இருவர் புதிதாக நின்றால் நம் இட எண் இரண்டு கூடுவது போன்றதே இது. எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்ட இந்தக் கருத்து, இன்று நாம் கூடி எழுதும் தொகுப்பான்கள் பலவற்றுக்கு அடித்தளமாக உள்ளது.

அழிக்காமல் திருத்துதல்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்ற ஊரில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இல்லாமல் அமைத்த கோயில் என்று அங்குள்ள கல்வெட்டில் அவன் பெருமையோடு கூறுகிறான். அந்த எழுத்து ஏழாம் நூற்றாண்டிலிருந்து நிலைத்து நிற்கிறது. ஆனால் கல்லில் பிழை நேர்ந்தால் திருத்துவது கடினம். தாளில் திருத்தலாம், ஆனால் பழையது அழிந்துவிடும்.

விக்கி எழுதுபெட்டியில் இரண்டு நன்மையும் சேர்ந்துள்ளன. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பழைய பதிப்பு அழிவதில்லை. நாள், நேரம், எழுதியவர் பெயர் ஆகியவற்றோடு வரலாற்றுப் பக்கத்தில் தங்கிவிடுகிறது. இரு பதிப்புகளை அருகருகே வைத்து எங்கே வேறுபாடு என்றும் காட்டச் சொல்லலாம். 'விகிரவாண்டி', 'விக்கிரவாண்டி' இரண்டையும் ஒப்பிட்டால், வரிசை மாறாமல் இரண்டிலும் பொதுவாக உள்ளவை 11 எண்கள். எஞ்சிய 2 எண்கள், அதாவது 'க்', புதிதாகச் சேர்ந்தது என்று கணக்கிடலாம். யாரேனும் குறும்பாக ஒரு பக்கத்தைக் கெடுத்தாலும் முந்திய பதிப்பை மீட்டுவிட முடிகிறது. எவரும் எழுதலாம் என்ற துணிவான ஏற்பாடு குலையாமல் நிற்பதற்கு இந்த வரலாறே காரணம்.

செய்து பாருங்கள்

1. எந்த எழுதுபெட்டியிலும் 'வி' என்று எழுதி, பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டுங்கள். பெரும்பாலும் முழு எழுத்தும் அழியாது. 'வ' நிற்கும். 3007 போய் 2997 எஞ்சியது என்பதே இதன் பொருள்.

2. உங்கள் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்து, எத்தனை எண், எத்தனை பைட்டு என்று கணக்கிடுங்கள். தமிழ்99 முறையில் எத்தனை விசை என்பதையும் காணுங்கள். திண்டிவனத்துக்குக் கணக்கிட்டுப் பார்த்தால் எழுத்து 6, விசை 9, எண் 10, பைட்டு 30 என வரவேண்டும். வந்ததா?

3. தமிழ் விக்கிப்பீடியாவில் 'மணல்தொட்டி' என்ற பக்கம் பழகுவதற்காகவே உள்ளது. மேலே காட்டிய தலைப்பு, தடித்த எழுத்து, இணைப்பு மூன்றையும் அங்கே எழுதிப் பாருங்கள்.

பழகிய பின், உங்கள் பகுதியைப் பற்றிய ஒரு கட்டுரையைத் திறந்து படியுங்கள். திருவக்கரையை எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இவ்வூரில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. சொன்னரா என்ற ஐரோப்பிய இயற்கையறிஞர் 1781-இல் இவற்றைக் குறித்து எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாத்து வருகிறது. இப்படிப்பட்ட இடத்தைப் பற்றிய தமிழ்க் கட்டுரை விரிவாக இருக்கிறதா? ஆண்டுகளும் அளவுகளும் சரியா? எந்த நூலைக் கொண்டு எழுதினார்கள் என்று சொல்லப்பட்டிருக்கிறதா? இல்லையெனில் 'தொகு' என்ற சொல் உங்களுக்காகவே அங்கே காத்திருக்கிறது.

எழுதும்போது சிலவற்றை மறவாதீர்கள். கேள்விப்பட்டதை எழுத வேண்டாம். நூலிலோ அரசு ஆவணத்திலோ நாளிதழிலோ பார்த்ததை எழுதி, எங்கே பார்த்தீர்கள் என்பதையும் குறியுங்கள். அங்குள்ள வரிகளை அப்படியே படியெடுக்காமல் உங்கள் சொற்களில் எழுதுங்கள். தொலைபேசி எண், வீட்டு முகவரி போன்றவற்றைப் பெட்டிக்குள் இடாதீர்கள். வரலாற்றுப் பக்கம் உள்ள இடத்தில் எழுதியது எளிதில் மறையாது. நெடிய கட்டுரையானால் அவ்வப்போது படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் நின்றால் சேமிக்காத உரை போய்விடும்.

பள்ளியில் கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறவர்கள் ஒரே படியை வகுப்பு வகுப்பாகச் சுற்றுக்கு விடுவார்கள். உலாவிக்குள் இருக்கும் எழுதுபலகைக்கு அந்த எல்லை இல்லை. விக்கிரவாண்டியில் ஒரு மாணவி எழுதும் ஏழெழுத்துச் சொல் 39 பைட்டுகளாகப் புறப்பட்டு, யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் டொரான்டோவிலும் மறுபடி ஏழெழுத்தாக மலர்கிறது. அந்த ஊர்களில் ஒருவர் உங்கள் ஊரைப் பற்றித் தமிழில் தேடும்போது அவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் விசைகள் இப்போது உங்கள் விரலடியில் இருக்கின்றன.